ஒரே பறவையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்

பறவை பார்க்க ஆரம்பிப்பவர்கள் பலரும் இன்று எத்தனை வகை, புதிதாக எது என்று பட்டியலில்தான் போய் நிற்கிறார்கள். கொல்லைக்கு வந்துபோகும் பறவைகளுக்கு அது வேண்டாம். காகம், மைனா, புறா, சிட்டுக்குருவி என்று தினமும் கண்ணில் படுவதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

விடிந்ததும் வரும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் அருமையான நேரம், இரவெல்லாம் பட்டினி கிடந்தவை மும்முரமாக இரை தேடும். ஜன்னலுக்கு உள்ளே அசையாமல் உட்காருங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில், அகலமான தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள். என்னைக் கேட்டால் இரை போடுவதைவிட இதில்தான் பார்க்க நிறைய கிடைக்கும். காகம் அலகில் கொஞ்சம் அள்ளி, தலையை அண்ணாந்து விழுங்கும். புறா அப்படியில்லை, அலகை முக்கியபடி தலையைத் தூக்காமலே உறிஞ்சிக் குடிக்கும். பறவை அதில் குளித்து முடித்ததும் நீங்கள் கிளம்பிவிடாதீர்கள், அப்புறம்தான் கோதல் ஆரம்பம்: பல பறவைகள் வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் அழுத்தி, அந்த எண்ணெயை இறகு இறகாகத் தடவும். சிட்டுக்குருவிகள் மண்ணில் சின்னக் குழி பறித்துப் புழுதியிலும் குளிக்கும்.

நோட்டில் எழுதும்போது "கோபமாக இருந்தது" என்று எழுதாதீர்கள். தலையைத் தாழ்த்தியது, அலகைத் திறந்தது, பக்கத்தில் இருந்தது விலகிப் பறந்தது, இப்படிக் கண்ணில் பட்டதை எழுதுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இறக்கையைப் படபடத்து வாயைப் பிளந்து இரை கேட்பது குஞ்சு மட்டுமல்ல, பல இனங்களில் ஜோடி சேரும் பருவத்தில் பெட்டையும் ஆணிடம் அதே மாதிரி கெஞ்சும். "குஞ்சு" என்று எழுதி முடித்துவிட்டால் அங்கே நடந்த விஷயமே கைநழுவிவிடும்.

ஒவ்வொரு பறவையையும் தனியாக அடையாளம் காண முயலுங்கள், ஒடிந்த வால் இறகோ நொண்டும் காலோ போதும். 1930களில் அமெரிக்காவின் ஓஹையோவில் பறவை ஆய்வாளர் மார்கரெட் மோர்ஸ் நைஸ் தன் வீட்டை ஒட்டிய இடத்திலேயே பாட்டுக்குருவிகளின் காலில் வண்ண வளையம் மாட்டி, எது எந்த எல்லையைக் காக்கிறது, எதனோடு ஜோடி சேர்கிறது என்று வருடக்கணக்கில் கவனித்தார். பறவைகளின் நடத்தை பற்றிய முக்கியமான ஆய்வாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

சட்டென்று நாலைந்து பறவைகள் ஒரே கிளையைப் பார்த்துக் கத்தினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள், ஆந்தையோ பாம்போ பூனையோ இருக்கும்.

கூட்டுக்கு அருகே மட்டும் போகாதீர்கள். இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள், பெரும்பாலும் தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இரையோடு சுற்றிக்கொண்டிருக்கும். பூனை வரும் இடமென்றால், அருகிலுள்ள செடிக்குள் எடுத்து வைத்துவிட்டுச் சீக்கிரம் விலகிவிடுங்கள்.