பாதிக் கணக்கு: மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2-இல் கடினமான கணினியைப் பொருளாதாரத்தால் முந்துவது

மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2 வெளிவந்தது 1996-இல். கோள்களில் காலனி அமைத்து விண்வெளி அரசை வளர்க்கும், டர்ன் டர்னாக (முறை வைத்து) ஆடும் வியூக ஆட்டம் இது. சிம்டெக்ஸ் உருவாக்கி மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட இந்த டாஸ் காலத்து ஆட்டத்தை இன்றும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாக எந்தக் கணினியிலும் ஓட்டலாம். கீழே உள்ள எண்கள் 1.31 பதிப்புக்கானவை.

கடின நிலைகள் ஐந்து: ட்யூட்டர், ஈஸி, ஆவரேஜ், ஹார்ட், இம்பாசிபிள். மேலே போகப் போகக் கணினிக்குச் சலுகைகள் கூடுகின்றன. அது யோசிக்கும் முறை பெரிதாக மாறுவதில்லை. ஒரே ஆள் அதிக முதலோடு கடை போட்டது போலத்தான். அதனால் இம்பாசிபிளில் முதல் நூறு டர்ன் நீங்கள் பின்தங்கித்தான் இருப்பீர்கள். வரைபடத் திரையில் உங்கள் கோடு கீழே கிடப்பதைப் பார்த்துப் பதறி, இருக்கிற உற்பத்தியை எல்லாம் போர்க்கப்பலில் கொட்டுபவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். கணினியிடம் இருப்பது கூடுதல் முதல். உங்களிடம் இருப்பது கணக்கு. அந்தக் கணக்கில் திரும்பத் திரும்ப வருவது ‘பாதி’ என்ற ஒரே எண்.

முதலில் இனம். ஆயத்த இனங்களை விட்டுவிட்டு, நாமே வடிவமைக்கும் கஸ்டம் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். கையில் 10 புள்ளி. குறைகளை ஏற்றால் மேலும் 10 வரை கிடைக்கும். கடின நிலைக்குப் புதிதாக வருபவருக்கு ஒரு கட்டமைப்பு: யூனிஃபிகேஷன் ஆட்சி (உணவும் உற்பத்தியும் கூடும்) 6, சப்டெரேனியன் (நிலத்தடியில் வாழ்வதால் கோளில் அதிக மக்கள் தங்கலாம்) 6, உற்பத்தி +1க்கு 3, லார்ஜ் ஹோம்வேர்ல்டு 1. மொத்தம் 16. ஷிப் அட்டாக், ஷிப் டிஃபென்ஸ், கிரவுண்ட் காம்பாட் மூன்றிலும் கீழ்நிலையை ஏற்றால் தலைக்கு 2 வீதம் 6 திரும்பி வரும். சரியாகப் பத்து. ஷிப் அட்டாக் குறை பீம் (கதிர்) ஆயுதங்களைத்தான் பாதிக்கும்; ஏவுகணையை அல்ல. ஆகவே தொடக்கப் படையை ஏவுகணையில் கட்டினால் அந்தக் குறை உறைக்காது. தரைப்போர்க் குறை மட்டும் பின்னால் வலிக்கும். கோள்களைப் பிடிக்கப் போகும்போது கூடுதலாகத் துருப்புக் கப்பல் கொண்டுபோக வேண்டும்.

மற்ற இனங்கள் வெறுக்கும் ரிபல்சிவ் குறையை ஏற்றால் 6 புள்ளி கிடைக்கும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இம்பாசிபிளில் வேண்டாம். வணிக, ஆராய்ச்சி ஒப்பந்தங்களும் தொழில்நுட்பப் பரிமாற்றமும் அடைபட்டுவிடும். முந்திக்கொண்டு ஓடும் எதிரியிடமிருந்து சட்டப்படி வாங்கும் வழியை நாமே மூடுவதாகிவிடும்.

ஆவரேஜ் தொடக்கத்தில் தாய்க்கோளில் 8 மக்கள், இரண்டு ஸ்கவுட், ஒரு காலனி ஷிப். ஒவ்வொரு மக்கள் அலகும் டர்னுக்கு 1 உணவு தின்னும். ஒரு விவசாயி 2 உணவு தருவார். யூனிஃபிகேஷனின் 50 சதவீதக் கூடுதலோடு 3. ஆக மூன்று விவசாயிகள் போதும்: 9 விளைச்சல், 8 செலவு. ஆட்டம் தானாக ஒதுக்கியதை அப்படியே விடாதீர்கள். முதல் டர்னிலேயே காலனித் திரைக்குப் போய் மாற்றுங்கள். யூனிஃபிகேஷன் இல்லாத இனத்துக்கு இதே எட்டுப் பேருக்கு நான்கு விவசாயிகள் வேண்டும். அந்த ஒரு ஆள்தான் தொடக்க ஓட்டத்தின் வேகம்.

அடுத்து வருவது பலரும் கவனிக்காமல் விடும் இடம்: மாசு. ஒவ்வொரு கோளுக்கும் அதன் அளவைப் பொறுத்து ஒரு தாங்குதிறன் உண்டு. டைனி 2, ஸ்மால் 4, மீடியம் 6, லார்ஜ் 8, ஹியூஜ் 10. அதற்கு மேல் போகும் உற்பத்தியில் பாதி, துப்புரவுக்கே போய்விடும். கூடுதல் எதுவுமில்லாத இனத்தின் ஆறு தொழிலாளர்கள், சாதாரணத் தாதுவளமுள்ள மீடியம் கோளில், ஆளுக்கு 3 வீதம் 18 ஈட்டுகிறார்கள் என்று வையுங்கள். 6 போக மீதி 12. அதில் பாதியான 6 மாசுக்கு. கையில் நிற்பது 12. இப்போது ஏழாவது ஆளையும் தொழிலாளராக்கினால் அவர் 3 ஈட்டினாலும் உங்களுக்கு வருவது ஒன்றரைதான். அதே ஆளை ஆராய்ச்சியில் வைத்தால் முழுசாக 3. ஆகவே தாங்குதிறனைத் தாண்டிய கோளில் அவசரமாகக் கட்ட எதுவும் இல்லாத டர்னில், மிச்ச ஆட்களை ஆராய்ச்சிக்கு நகர்த்துங்கள். உங்கள் இனத்தின் உற்பத்திக் கூடுதலை வைத்து இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உற்பத்தியில் வலுவான இனத்துக்கு இரண்டும் ஏறத்தாழச் சமமாக வரும், அப்போது அந்த நேரத்துத் தேவையே தீர்மானிக்கும்.

தாங்குதிறன் கோளுக்குக் கோள் தனித்தனி என்பதால், ஒரே கோளில் குவிப்பதைவிட நான்கு கோள்களில் பரப்பினால் மாசு குறையும். இதே பாடத்தைத்தான் மக்கள்தொகையும் சொல்கிறது. ஒரு கோள் தன் உச்ச அளவில் பாதி நிறைந்திருக்கும்போதுதான் பெருக்கம் மிக வேகம். நிறைய நிறைய அது மந்தமாகி, நிறைந்தபின் நின்றேவிடும். தாய்க்கோளின் மக்கள்தொகை பாதியைத் தாண்டி நான்கில் மூன்று பங்கை நெருங்கும்போது ஒவ்வொருவராகப் புதுக் காலனிக்கு அனுப்புங்கள். இரு பக்கமும் லாபம்: இங்கே பாதியை நோக்கி இறங்குகிறது, அங்கே பாதியை நோக்கி ஏறுகிறது. ஒரு ஆளை ஏற்றிச் செல்ல ஐந்து ஃப்ரைட்டர் (சரக்குக் கப்பல்) வேண்டும். ஐந்து ஃப்ரைட்டர் கொண்ட ஒரு தொகுதியின் விலை 50 உற்பத்தி. உணவு கொண்டுபோக ஒரு அலகுக்கு ஒரு ஃப்ரைட்டர். முதல் காலனி விழுந்ததும் ஒரு தொகுதி, மூன்றாவது காலனிக்கு முன் இன்னொன்று. ஓடும் ஃப்ரைட்டருக்குத் தலைக்கு அரை பிசி (BC, ஆட்டத்தின் பணம்) செலவாகும் என்பதால் தேவைக்கு மேல் வாங்கி ஓட்ட வேண்டாம். ஆனால் பற்றாக்குறை வந்தால் தூரக் காலனி பட்டினி கிடக்கும், ஆள் சாகும். அது அரை பிசியைவிடப் பெரிய நஷ்டம்.

பரப்புவதற்கான விலைகள், உற்பத்திக் கணக்கில்: காலனி ஷிப் 500, காலனி பேஸ் 200, அவுட்போஸ்ட் ஷிப் 100. காலனி பேஸ் அதே நட்சத்திரத்தின் வேறு கோளுக்கு மட்டும் போகும். எனவே கையிலிருக்கும் காலனி ஷிப்பை ஏழெட்டு டர்ன் அலைய விடாமல் அருகில் நல்ல இடத்தில் இறக்குங்கள். தாய் நட்சத்திரத்தில் வேறு கோள் இருந்தால் 200க்கு அதை நிரப்புங்கள். வாயுக்கோளும் சிறுகோள் பட்டையும் அவுட்போஸ்டுக்கு (மக்கள் இல்லாத நிலையத்துக்கு) ஏற்றவை. உங்கள் கப்பல்களின் எரிபொருள் எல்லை அங்கிருந்து விரியும், உணவும் கேட்காது.

கோள் தேர்வில் தாதுவளத்தைப் பாருங்கள். ஒரு தொழிலாளர் தருவது: அல்ட்ரா புவர் 1, புவர் 2, அபண்டன்ட் 3, ரிச் 5, அல்ட்ரா ரிச் 8. அல்ட்ரா ரிச் என்றதும் பாய வேண்டாம். ஈர்ப்பு விசையையும் பாருங்கள். சாதாரண ஈர்ப்பு இனத்துக்கு லோ-ஜி கோளில் 25 சதவீதமும் ஹெவி-ஜி கோளில் 50 சதவீதமும் வெட்டு. ஹெவி-ஜி அல்ட்ரா ரிச்சில் 8 என்பது 4 ஆகும். அப்போதும் அபண்டன்டைவிட மேல் என்பதால் எடுக்கலாம். ஹெவி-ஜி புவர் கோளுக்கு 500 செலவழிப்பது வீண்.

பணம் கொடுத்துக் கட்டிடம் வாங்குவதிலும் பாதிதான். தொடங்காத வேலையை வாங்கினால் ஓர் உற்பத்திக்கு 4 பிசி. வேலை நகர நகர விலை இறங்கி, பாதி முடிந்ததும் மீதிக்கு 2 பிசி என்று நிலைக்கும். அதற்குப் பின் இறங்காது. 60 மதிப்புள்ள ஆட்டோமேட்டட் ஃபேக்டரியைச் சுழியத்தில் வாங்கினால் 240, பாதியில் வாங்கினால் 60. ஆகவே டர்ன் முடிவதற்கு முன் ஒரு சுற்று வந்து, எந்தக் காலனியில் பாதியைத் தாண்டியிருக்கிறதோ அங்கே மட்டும் வாங்குங்கள். கட்டும் வேலைக்குப் பதிலாக டிரேட் கூட்ஸ் வைத்தால் 2 உற்பத்திக்கு 1 பிசி கிடைக்கும். கட்ட ஏதாவது இருக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

புதுக் காலனியில் முதல் வேலை ஆட்டோமேட்டட் ஃபேக்டரி. கோளுக்கு 5, தொழிலாளருக்கு 1 கூடும். மூன்று மட்டுமே ஈட்டிய ஒற்றை ஆள் 9 ஈட்டுவார். மாசு கழித்தும் இருமடங்குக்கு மேல். எத்தனை சிறிய காலனியோ அத்தனை பெரிய பாய்ச்சல். பராமரிப்பு டர்னுக்கு 1 பிசிதான்.

கிரியேட்டிவ் (ஒரு துறையின் எல்லாக் கண்டுபிடிப்பையும் பெறும் திறன்) இல்லாத இனத்துக்கு ஒவ்வொரு துறையிலும் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால் ஆராய்ச்சி வரிசை முக்கியம். 80 ஆராய்ச்சிப் புள்ளி விலையுள்ள அட்வான்ஸ்டு இன்ஜினியரிங்கில் ரீஇன்ஃபோர்ஸ்டு ஹல். அடுத்து 150க்கு அட்வான்ஸ்டு கன்ஸ்ட்ரக்ஷனில் ஆட்டோமேட்டட் ஃபேக்டரி. பின் 150க்கு ஆப்ட்ரானிக்ஸில் ரிசர்ச் லேபரட்டரி. அதுவும் ஃபேக்டரியைப் போலவே கோளுக்கு 5, ஆளுக்கு 1. அதன்பின் 80க்கு ஆஸ்ட்ரோ பயாலஜி. அதில் பயோஸ்ஃபியர் ஒவ்வொரு கோளின் உச்ச மக்கள்தொகையையும் 2 உயர்த்தும். ஹைட்ரோபானிக் ஃபார்ம் 2 உணவு தந்து 2 பிசி கேட்கும். யூனிஃபிகேஷனுக்கு உணவு பிரச்சினை இல்லாததால் பயோஸ்ஃபியரே சரி. யூனிஃபிகேஷனில் மன உறுதி கணக்கிலேயே வராது; ஆகவே அதை உயர்த்தும் ஹோலோ சிமுலேட்டர் போன்றவை உதவாது, தப்பித்தவறி எடுத்துவிடாதீர்கள். பின்னால் 650க்கு வரும் அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரியில் மாசைக் குறைக்கும் பொல்யூஷன் பிராசசர் இருக்கிறது. மெர்குலைட் ஏவுகணையா அதுவா என்ற நெருக்கடி அங்கே வரும். எல்லையில் எதிரி நிற்காவிட்டால் பிராசசர்தான்.

படையைப் பற்றி ஒரே எச்சரிக்கை: கமாண்ட் பாயின்ட், அதாவது எவ்வளவு கப்பற்படை வைக்கலாம் என்ற வரம்பு. ஃப்ரிகேட் 1, டெஸ்ட்ராயர் 2, க்ரூசர் 3, பேட்டில்ஷிப் 4 என்று தின்னும். ஸ்டார் பேஸ் ஒன்று 1 தரும். வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு புள்ளிக்கும் டர்னுக்கு 10 பிசி போகும். இரண்டு டெஸ்ட்ராயர் கூடுதலாகக் கட்டியதற்கு டர்னுக்கு 40 பிசி கொடுத்துக்கொண்டு, கட்டிடம் வாங்கப் பணமில்லை என்று திகைப்பதைத்தான் அகலக்கால் வைப்பது என்பார்கள். அதற்காகப் படையே இல்லாமலும் இருக்கக் கூடாது; பக்கத்து அரசு உங்கள் பலத்தை எடைபோட்டுத்தான் போருக்கு வருகிறது. வரம்புக்குள் நிற்கும் நான்கைந்து டெஸ்ட்ராயர், இரண்டு முறை ஏவும் அணு ஏவுகணைகளோடு, எல்லைக் காலனியில் நின்றால் போதும். முதல் இரு சுற்றில் எல்லாவற்றையும் ஏவிவிட்டுப் பின்வாங்கலாம். அடுத்த சண்டைக்கு மீண்டும் நிரம்பிவிடும்.

சந்திக்கும் ஒவ்வோர் அரசிடமும் அன்றே வணிக ஒப்பந்தம் கேளுங்கள். தொடக்கத்தில் அது நஷ்டக் கணக்குதான், போகப் போகவே லாபம். அதனால்தான் நாள் கடத்தக் கூடாது. போர் வந்து முறிந்தால் மீண்டும் நஷ்டத்திலிருந்தே தொடங்கும். ஆராய்ச்சி ஒப்பந்தமும் அப்படியே.

பரப்பிய காலனிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அரசுகள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கேலக்டிக் கவுன்சிலில் வாக்கு மக்கள்தொகையைப் பொறுத்தது. தலைமைக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இம்பாசிபிளில் முன்னணியில் ஓடும் கணினி அரசு அதை நெருங்கிவிடும். உங்கள் பங்கு மொத்த வாக்கில் மூன்றில் ஒன்றைத் தாண்டும்வரை, கவுன்சில் கூடுவதற்கு முன் சிறு காலனிகளை ஹவுசிங்கில் (மக்கள் பெருக்கத்தைக் கூட்டும் வேலையில்) போட்டு மக்களைப் பெருக்குங்கள். தாண்டியபின் அவற்றை ஃபேக்டரிக்கும் லேபரட்டரிக்கும் திருப்பிவிடலாம்.