பாட்டு சிடியைப் பிசகில்லாமல் கணினிக்கு ஏற்றுவது: சரிபார்க்கும் முறை

அலமாரியில் கிடக்கும் பாட்டு சிடிகளைக் கணினிக்கு ஏற்றிவிட்டுத் தூக்கிப்போடப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. சிடியில் உள்ளபடியே வந்திருக்கிறதா என்று காதால் கேட்டுச் சொல்ல முடியாது. டேட்டா சிடியில் செக்டருக்கு (தகவல் பிரித்து எழுதப்படும் சிறு கட்டம்) 2352 பைட் இருந்தாலும் கோப்புக்கு 2048-தான். மீதி பெரும்பாலும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. பாட்டு சிடியில் அந்தக் கூடுதல் காவல் இல்லை, 2352-ம் பாட்டுக்கே. கீறலில் படிக்க முடியாத இடத்தை டிரைவ் பக்கத்து ஒலியை வைத்து நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் சிடியைத் துடையுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராக; வட்டமாகத் தேய்க்க வேண்டாம். திருப்பூர் பனியன் துணி ஒரு துண்டு போதும்.

விண்டோஸுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸுக்கு விப்பர், மேக்குக்கு எக்ஸ்எல்டி. மூன்றும் இலவச மென்பொருள். நான் முதலாவதைத்தான் சிபாரிசு செய்வேன். நிறுவி, டிரைவ் ஆப்ஷனில் 'செக்யூர்' முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது ஆஃப்செட். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திணறுவார்கள். ஒவ்வொரு டிரைவ் மாடலும் பாட்டைச் சில சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு துணுக்கு) முன்னேயோ பின்னேயோ தொடங்கிப் படிக்கும். பல டிரைவ்களுக்குத் திருத்த அளவு +6, சில பழைய எல்ஜி டிரைவ்களுக்கு +667. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்பதால் 667 என்பது சுமார் 15 மில்லிவினாடிதான், காதுக்குத் தெரியாது. ஆனால் செக்சம், அதாவது பாட்டின் தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், அடியோடு மாறிவிடும். உலகம் முழுக்கப் பலர் ஏற்றிய சிடிகளின் செக்சம்களைச் சேர்த்து வைத்திருக்கும் அக்யூரேட்ரிப்போடு ஒப்பிடும்போது எந்தப் பாட்டும் பொருந்தாது. அதில் உள்ள பிரபல ஆல்பம் ஒன்றின் சிடியைப் போட்டால் மென்பொருளே ஆஃப்செட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கைவசம் இல்லையென்றால் டிரைவ் மாடல் எண்ணை அக்யூரேட்ரிப் பட்டியலில் தேடி நீங்களே பதியுங்கள்.

அப்புறம் 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் இருமுறை படித்து இரண்டு செக்சம் காட்டும். முடிந்ததும் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். அக்யூரேட்ரிப்போடு எல்லாப் பாட்டும் பொருந்தி ஒன்று மட்டும் பொருந்தவில்லையா, அந்தப் பாட்டில்தான் கோளாறு. ஒன்றுகூடப் பொருந்தவில்லையா, பெரும்பாலும் ஆஃப்செட் தப்பு அல்லது உங்களுடையது அதே ஆல்பத்தின் வேறு அச்சு (பிரஸ்ஸிங்). சிடியைக் குறை சொல்லாதீர்கள்.

நம் தமிழ் சிடிகளில் பலவற்றுக்கு 'பட்டியலில் இல்லை' என்றுதான் வரும். அதனால் தரம் மோசம் என்று அர்த்தமில்லை. அப்போது இன்னொரு கம்பெனி டிரைவில் போட்டு ஏற்றி, இரண்டு செக்சமும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே டிரைவ் ஒரே தப்பை இருமுறையும் செய்யக்கூடும். கோவை காந்திபுரம் பக்கம் பழைய கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தால் டெஸ்க்டாப் டிரைவ் கிடைக்கும்; மெலிந்த லேப்டாப் டிரைவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பொருந்திவிட்டால் முடிவை அக்யூரேட்ரிப்புக்கு அனுப்பிவிடுங்கள், தயவுசெய்து. நாம் அனுப்பினால்தான் நம் பாட்டுகள் அங்கே சேரும்.

பின்சேர்க்கை: உடுக்கையடிப் பாட்டு சிடி எதிலும் பொருந்தவில்லை என்று கோபியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அது எம்பி3 சிடி. அதற்கு இந்த வேலையே வேண்டாம், கோப்புகளை அப்படியே காப்பி செய்தால் போதும்.

இன்னொன்று: கீறலால் சில இடம் மட்டும் கெட்டிருந்தால் கியூடூல்ஸ் என்ற மென்பொருளில் 'ரிப்பேர்' முயலுங்கள். அதன் தரவுத்தளத்தில் உங்கள் சிடி இருந்தால், அங்குள்ள திருத்தத் தகவலை வைத்துக் கெட்ட இடத்தைச் சரிசெய்துவிடும். இல்லாவிட்டால் கீறலில்லாத வேறு பிரதியைத் தேடுவதுதான் வழி.