முதல் வருடம் சொதப்பிய பிறகு கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி-க்கு: கலிபோர்னியா டிரான்ஸ்ஃபர் செய்முறை

கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டாண்டுக் கல்லூரியில் முதல் வருடம் டி, எஃப் (மிக மோசமான கிரேடுகள்) வாங்கிவிட்டு, கலிபோர்னியா பல்கலைக்கழக (யூசி) வளாகம் ஒன்றுக்கு மாற நினைப்பவர்களுக்கான குறிப்பு இது. வேறு மாநிலங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. என்ன மேஜர் (முக்கியப் பாடம்) என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வாசல்படி இதுதான்: 60 செமஸ்டர் யூனிட் (பாடத்தின் எடை அளவு). டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற, செமஸ்டரைவிடக் குறுகிய குவார்ட்டர் பருவங்களில் நடக்கும் கல்லூரிகளில் 90. ஜிபிஏ (கிரேடு சராசரி) கலிபோர்னியாவாசிகளுக்குக் குறைந்தது 2.4, வெளியாருக்கு 2.8. சென்னையிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்களும் இந்த 2.8 கணக்கில்தான் வருவார்கள். இது விண்ணப்பிக்கத் தகுதி மட்டுமே. கூட்டம் அதிகமுள்ள மேஜர்களில் இதை வைத்துக்கொண்டு இடம் கிடைக்காது.

படி 1: சொந்தமாக ஷீட் போடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் ஜிபிஏ கால்குலேட்டர்களை நம்பாதீர்கள். எந்தப் பாடம் யூசி-க்கு மாறும், எது மாறாது என்று அவற்றுக்குத் தெரியாது. டிரான்ஸ்கிரிப்ட்டை (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலை) இறக்கி, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: பாடம், யூனிட், கிரேடு, புள்ளி, யூசி-க்கு மாறுமா. கடைசிப் பத்தியை, எந்தப் பாடம் மாறும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில், நீங்கள் அந்தப் பாடத்தை எடுத்த கல்வியாண்டைத் தேர்ந்தெடுத்துச் சரிபாருங்கள். "இதெல்லாம் மாறும்பா" என்று வகுப்பில் யாராவது சொன்னால் அது கணக்கில் வராது.

மாறாத பாடங்களை யூசி தன் ஜிபிஏ-யில் சேர்க்காது. அதனால் உங்கள் ஷீட்டும் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டும் வேறுவேறு எண் காட்டினால் பதற வேண்டாம்.

படி 2: டி, எஃப் பாடங்களைத் திரும்ப எடுங்கள்

பலர் தவறுவது இங்கேதான். பழைய எஃப்பை மறந்துவிட்டு, புதுப் பாடங்களில் ஏ வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம் (ஏ 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0; அதை யூனிட்டால் பெருக்கினால் புள்ளி).

முதல் வருடம்: கால்குலஸ் 5 யூனிட், டி. வேதியியல் 5 யூனிட், எஃப். ஆங்கிலம் 3, பி. வரலாறு 3, சி. உளவியல் 3, சி. பொருளாதாரம் 3, பி. மொத்தம் 22 யூனிட், 35 புள்ளி. ஜிபிஏ 1.59.

வழி ஒன்று: வேறு 10 யூனிட் எடுத்துப் பாதியில் ஏ, பாதியில் பி. 35 புள்ளி கூடும், யூனிட்டும் 32 ஆகும். 70-ஐ 32-ஆல் வகுத்தால் 2.19.

வழி இரண்டு: அதே கால்குலஸைத் திரும்ப எடுத்து ஏ, வேதியியலில் பி. பழைய டி, எஃப் யூசி கணக்கிலிருந்து விலகிவிடும், புதிய கிரேடு மட்டும் நிற்கும். யூனிட் அதே 22, புள்ளி 65. ஜிபிஏ 2.95.

உழைப்பு ஒன்றுதான், வித்தியாசம் முக்கால் புள்ளி. அதன் பிறகு 38 யூனிட்டை 3.6 சராசரியில் முடித்தால் 60 யூனிட்டுக்கு 3.36.

கவனிக்க வேண்டியவை: சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் யூசி அந்த இரண்டாவது கிரேடை எண்ணாது, எனவே வரலாற்றில் வாங்கிய அந்த சி அப்படியே இருக்கட்டும். திரும்ப எடுப்பதை அதே கல்லூரியில் செய்வது வம்பில்லாத வழி. பக்கத்துக் கல்லூரியில் எடுத்தால், இரண்டும் ஒரே பாடம்தான் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். ஒரு பாடத்தை எத்தனை முறை எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. டபிள்யூ (பாதியில் விலகியதற்கான குறி) வாங்கி விலகினாலும் அது ஒரு முறைதான்.

படி 3: மிச்சத்துக்கு அகாடமிக் ரினியூவல்

மேஜருக்குத் தேவையே இல்லாத பாடத்தில் எஃப் இருந்தால் அதைத் திரும்ப எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மாநில விதிப்படி கல்லூரிகள் அதிகபட்சம் 30 யூனிட் வரை மோசமான கிரேடுகளை ஜிபிஏ-யிலிருந்து விலக்கலாம். அதற்குப் பிறகு நன்றாகப் படித்திருப்பதைக் காட்ட வேண்டும். எத்தனை யூனிட், என்ன சராசரி என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கவுன்சிலரிடம் கேளுங்கள். யூசி இதை ஏற்கிறது. ஆனால் கிரேடு டிரான்ஸ்கிரிப்ட்டிலிருந்து அழியாது, அந்தப் பாடத்தின் யூனிட்டும் போய்விடும். பெரும்பாலும் திரும்பப் பெறவும் முடியாது. அதனால் படி 2 முடிந்த பிறகே இதில் இறங்குங்கள்.

(டாக்டருக்குப் படிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களைத் தொகுக்கும் ஆம்காஸ், பழைய கிரேடு, புதிய கிரேடு இரண்டையும் எண்ணும். இந்தச் சலுகைகள் அங்கே செல்லாது.)

படி 4: எந்த வருடம் விண்ணப்பிப்பது

இரண்டாம் வருட நவம்பரில் விண்ணப்பித்தால் யூசி கையில் இருப்பது மோசமான முதல் வருடமும் ஒரு கோடை வகுப்பும்தான். ஃபால் (இலையுதிர்ப் பருவ) கிரேடுகளை ஜனவரி அப்டேட்டில்தான் சேர்க்க முடியும். முதல் வருட ஜிபிஏ 2.0-க்குக் கீழே என்றால் மூன்றாம் வருட நவம்பரில் விண்ணப்பிக்கும் மூன்று வருடத் திட்டமே என் சிபாரிசு. யூனிட் கூடிப்போய்விடும் என்று பயப்பட வேண்டாம்: கம்யூனிட்டி காலேஜ் யூனிட்களில் 70 செமஸ்டர் யூனிட் வரைதான் யூசி வரவு வைக்கும், அதற்கு மேல் இருந்தாலும் பாடத்துக்கான அங்கீகாரம் கிடைக்கும், அதற்காக நிராகரிக்க மாட்டார்கள்.

டேக் எனப்படும் சேர்க்கை உத்தரவாதத் திட்டத்துக்கு செப்டம்பர் 1 முதல் 30 வரை விண்ணப்பிக்கலாம். டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறில் ஒன்றுக்கு மட்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் கிடையாது. வளாகத்துக்கு வளாகம் மேஜர் விலக்குகள் உண்டு; சாண்டா பார்பராவின் பொறியியல் கல்லூரிக்கு டேக் இல்லை.

படி 5: படிவம்

படித்த எல்லாக் கல்லூரியையும், எல்லா முயற்சியையும், டபிள்யூ உட்பட, டிரான்ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக இடுங்கள். ரினியூவல் வாங்கிய பாடத்தையும் விடக்கூடாது. ஒரு கோடையில் வேறு கல்லூரியில் எடுத்துக் கைவிட்ட ஒற்றை வகுப்பைத்தான் பலர் மறப்பார்கள். பிறகு அது வெளியே வந்தால் சேர்க்கையே ரத்தாகலாம்.

டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு நான்கு கட்டுரைக் கேள்விகள், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். கட்டாயக் கேள்வி, மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது. மோசமான வருடத்தின் காரணத்தை அங்கே கொட்டாதீர்கள். கூடுதல் விளக்கப் பெட்டியில் மூன்று வரி போதும்: என்ன நடந்தது, எப்போது முடிந்தது, அதன் பிறகு கிரேடு எப்படி. கட்டுரையில் ஆய்வகம், வேலை, பாடம் பற்றி எழுதுங்கள்.

இப்போதே ஒரு வகுப்பு கை நழுவுகிறதா?

டபிள்யூ ஜிபிஏ-யில் சேராது. பருவத்தின் 75 சதவீதம் முடிவதற்குள் விலக வேண்டும். சரியான தேதி கல்லூரி நாட்காட்டியில் இருக்கும். எஃப்-1 மாணவர்கள் 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கியே தீர வேண்டும், பிறகு போய்ச் சொன்னால் விசா நிலை போய்விடும். நிதியுதவி பெறுபவர்கள், எடுத்த யூனிட்களில் வழக்கமாக 67 சதவீதத்தையாவது முடித்திருக்க வேண்டும் என்பதை ஷீட்டில் ஆறாவது பத்தியாகச் சேருங்கள். அந்தக் கணக்கில் டபிள்யூவும் எடுத்ததாகவே எண்ணப்படும்.

இடம் கிடைத்த பிறகும் ஸ்பிரிங்கில் (வசந்தப் பருவத்தில்) டி வாங்கினால் சேர்க்கை பறிபோகலாம். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் தனித்தனியாக.