தானே மின்னாற்றல் பெறும் இருபரிமாண வாயு உணரிகள்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில அணுக்கள் தடிமனே கொண்ட இருபரிமாணப் பொருள்களான மாலிப்டினம் டைசல்பைடையும் டங்ஸ்டன் டைசெலினைடையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைத்த சந்தியில் (இரண்டும் தொட்டு இணையும் பகுதியில்) ஒளி பட்டால், வெளியிலிருந்து மின்னழுத்தம் எதுவும் தராமலேயே மின்னோட்டம் உண்டாகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் அதன் பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களை ஈர்த்துக்கொள்ளும்போது அந்த மின்னோட்டம் மாறுகிறது. வாயுவின் அளவை அந்த மாற்றத்திலிருந்தே கணிக்கிறோம்.

பெருந்தவறு இங்கேயே நேர்கிறது. குறுக்குச்சுற்று மின்னோட்டம் (சந்தியின் இரு முனைகளையும் நேரடியாக இணைக்கும்போது பாயும் மின்னோட்டம்) ஒளிச்செறிவுக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் இருப்பதால், ஒளி பத்து விழுக்காடு குறைந்தால் மின்னோட்டமும் அதே அளவு குறையும். அது மேகம் மறைத்ததாலா, வாயு வந்ததாலா என்பதை அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. அருகிலேயே இன்னொரு சந்தியை வாயு புகாதபடி மூடி அமைத்து, இரண்டின் மின்னோட்ட விகிதத்தைக் கணக்கிடுவதுதான் நம்பத்தக்க முறை. இதைச் செய்யாத உணரியை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுசெல்வதில் பொருளில்லை என்பதே என் கருத்து.

ஒளிக்காக எல்.இ.டி. பொருத்திவிட்டு, அதன் மின்செலவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் தவறு. 2 வோல்ட்டில் 5 மில்லிஆம்பியர் இழுக்கும் சிறிய விளக்குகூட 10 மில்லிவாட் செலவழிக்கிறது. சந்தி தரும் மின்னோட்டமோ பெரும்பாலும் நானோஆம்பியர் அளவில்தான் இருக்கும். அறையின் வெளிச்சத்திலோ சூரிய ஒளியிலோ இயங்கினால் மட்டுமே தன்னாற்றல் என்ற பெயர் பொருந்தும்.

உலர்ந்த நைட்ரஜனில் மட்டும் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் நீராவியும் ஆக்சிஜனும் அதே பரப்பில் ஒட்டி அடிப்படை மின்னோட்டத்தை நகர்த்திவிடும். அறை வெப்பநிலையில் நைட்ரஜன் டை ஆக்சைடு மெதுவாகவே விலகும், அதிலும் கந்தக அணு விடுபட்ட இடங்களில் இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதால், பழைய நிலைக்கு மீளும்வரை காத்திராமல் அடுத்த வாயுவைச் செலுத்தினால் கிடைக்கும் அளவு பிழையாகிவிடும்.

வாயு வந்தபின் உணரி மாற்றத்தைக் காட்ட எடுக்கும் துலங்கு நேரத்தைக் குறிக்கும்போது சோதனைக் கலத்தின் கொள்ளளவையும் சொல்ல வேண்டும்: 1 லிட்டர் கலத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் வாயு பாய்ந்தால், செறிவு 90 விழுக்காட்டை எட்டவே நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பத்து லட்சத்தில் சில பங்குகளில் சோதித்துவிட்டு, நேர்கோட்டை நீட்டி நூறு கோடியில் சில பங்குகளையும் கண்டறியும் என்று எழுதுவது பரவலான வழக்கமாகிவிட்டது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடியில் ஏறத்தாழ 5 பங்கு. அந்த அளவு வாயுவை ஈரக் காற்றில் கலந்து நேரடியாகச் செலுத்தி அளந்த முடிவையே கண்டறியும் எல்லையாகக் குறிப்பிட வேண்டும்.