எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்காத தமிழ்ப்பள்ளி: பினாங்கு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் செயல்முறைக் குறிப்புகள்

"இங்கே சிறப்புக் கல்வி வகுப்பு இல்லையே, வேறு பள்ளி பாருங்கள்" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் முழுதாக ஓயவில்லை. எந்த மாணவரையும் நிராகரிக்கக் கூடாது என்ற மலேசியக் கல்வி அமைச்சின் கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையின் பதிவை ஏற்றுக்கொண்ட பிறகுதான், எந்த வகுப்பு, என்ன உதவி என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தோடு பேச வேண்டும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எல்லாவற்றிலும் தனிச் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் உதவி தேவைப்படும் பிள்ளைகளில் பலர், என்ன சிக்கல் என்று யாரும் கண்டறியாத நிலையில், சாதாரண வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பாசிரியர் நாள்தோறும் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்களே அவர்களுக்கு முதல் துணை.

பள்ளி திறக்கும் முன்

பெற்றோரிடம் கேட்க ஒரே பக்கத்தில் ஐந்து கேள்விகள் போதும். பிள்ளை எதற்குப் பயப்படும்? கழிவறை போக வேண்டும் என்பதை எப்படிச் சொல்லும்? ஒவ்வாத உணவு எது? வலிப்பு, இழுப்பு, மருந்து ஏதும் உண்டா? அழுதால் எது அமைதிப்படுத்தும்? பெற்றோர் தமிழிலோ மலாயிலோ எழுதட்டும். எழுதத் தயங்கினால் ஆசிரியர் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்தத் தாள் அலுவலகக் கோப்பில் போய்ப் படுத்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. வகுப்பாசிரியர் விடுப்பில் போகும் நாளில், மாற்று ஆசிரியருக்கு எதுவும் தெரியாமல் போகும். ஒரு நகலை வருகைப் பதிவேட்டோடு இணைத்து வையுங்கள். உணவுப் பகுதியை மட்டும் சிற்றுண்டிச்சாலை நடத்துநரிடம் கொடுங்கள். மற்றவை அவருக்குத் தேவையில்லை.

கூட்டம் இல்லாத நாளில் பிள்ளையை அரை மணி நேரம் பள்ளிக்கு வரச் சொல்லி, வாசலிலிருந்து வகுப்பு, கழிவறை, சிற்றுண்டிச்சாலை என்று நடத்திக் காட்டுங்கள். முதல் நாளும் அதே வழியில் அழைத்துப் போங்கள்.

படியும் சாய்தளமும்

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும். 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம், 45 செ.மீ. மேடைக்கு 5.4 மீட்டர். இடம் போதவில்லை என்று குத்தகையாளர் நீளத்தைப் பாதியாக்கிவிடுவார். அப்போது பிள்ளையால் தானே ஏற முடியாது; இறங்கும்போது நாற்காலி முன்னால் கவிழும். இடம் குறைவென்றால் நடுவில் சமதளம் வைத்துத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். வழவழப்பான ஓடு வேண்டாம்; ஒரு மழை பெய்தால் வழுக்கும். சாய்தளம் முடியும் இடத்தில் கால்வாய் மூடியின் கம்பி இடைவெளி சக்கரத்தின் போக்கிலேயே இருந்தால் முன் சக்கரம் அதில் இறங்கிவிடும். மூடியைத் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும்.

கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே பிள்ளை விழுந்து கதவை அடைத்துக்கொண்டால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது.

மாடியில் இருக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு காசும் செலவில்லை. ஒரு பிள்ளைக்காக முழு வகுப்பையும் மாற்றுங்கள். அந்தப் பிள்ளையை மட்டும் வேறு வகுப்பில் போடாதீர்கள்.

வாசிக்கத் திணறும் பிள்ளை

ஆங்கிலப் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட வழிமுறைகளை அப்படியே எடுத்தால் தமிழுக்குப் பொருந்தாது. தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘கொடி’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஆனால் ஒலி ஒன்றுதான். இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் பார்க்கும் பிள்ளை அதைக் ‘கெடி’ என்றோ ‘காடி’ என்றோ வாசிக்கும். கொம்பையும் காலையும் ஒரே நிறத்திலும் எழுத்தைக் கருப்பிலும் எழுதிக் காட்டுங்கள். தடித்த அட்டையில் ஓர் எழுத்து அளவுக்குச் சன்னல் வெட்டி, ‘கொ’ முழுதும் ஒரே பார்வையில் தெரியும்படி நகர்த்தி வாசிக்கச் செய்யுங்கள்.

வரிசையும் முக்கியம். கா, கி, கீ முதலில். கெ, கே, கை அடுத்து. கொ, கோ கடைசியில். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணித்தால் எல்லாமே குழம்பும். உகரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அதைக் குழுவாகக் கற்பியுங்கள்: சு, பு, யு, வு ஒரு நாள், கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொரு நாள், ணு, து, நு, லு, று, னு அதற்கடுத்து.

சொல்வதெழுதலில் ல-ள-ழ, ர-ற, ன-ண மாறுவதை மட்டும் வைத்துக் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டாதீர்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளும் அப்படி எழுதுவார்கள். கவனிக்க வேண்டியது வேறு. ஒரே பக்கத்தில் ‘பள்ளி’யை ஓரிடத்தில் ‘பளளி’, ஓரிடத்தில் ‘ப்ளளி’, ஓரிடத்தில் ‘பளிள்’ என்று எழுதினால் புள்ளியும் வரிசையும் மனத்தில் நிற்கவில்லை என்று பொருள். தேதியிட்டு ஆறு வாரம் அப்படிப்பட்ட பக்கங்களைச் சேர்த்து வையுங்கள். குறைநீக்கல் ஆசிரியருக்கும் பிறகு மருத்துவருக்கும் "படிப்பில் மந்தம்" என்ற ஒற்றை வரியைவிட அவைதான் உதவும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய தண்டனை. தலை நிமிர்ந்து குனிவதற்குள் சொல் மறந்துபோகும். அதே பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மேசையில் வையுங்கள். வகுப்புசார் மதிப்பீட்டில் வாய்மொழி விடைக்கும் இடம் உண்டு. அறிவியலில் தெரிந்ததைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எழுத்துப்பிழைக்காகக் கீழே இறக்க வேண்டியதில்லை.

வீட்டில் மலாயோ ஆங்கிலமோ பேசி வளர்ந்து தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குக் குறைபாடு இல்லை, சொல் பற்றாக்குறைதான். முதல் மாதம் தெரிந்த மொழியில் பதில் சொல்லட்டும். அதையே நீங்கள் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள்.

சத்தமும் ஓய்வு நேரமும்

சபைகூடலில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வரிசை நின்றால், ஓசை தாங்காத பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடும். அது அடங்காத்தனம் அல்ல. வரிசையின் ஓரத்துக்கு மாற்றுங்கள். ஓய்வு நேர மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக ஒரு நண்பரோடு சிற்றுண்டிச்சாலைக்கு அனுப்பினால் நெரிசல் தவிரும். அந்த நண்பரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரே பிள்ளையிடம் பொறுப்பை விட்டால் அது சலித்துப்போகும், உதவி பெறும் பிள்ளைக்கும் வேறு நட்பு அமையாது.

பெயரும் பணமும்

நிறத்தையோ உடலையோ வைத்துப் பட்டப்பெயர் சொல்லும் வழக்கத்தை ஆசிரியர் அறையிலிருந்தே நிறுத்த வேண்டும். ஆசிரியர் ஒருமுறை "கறுப்பாயி" என்றால் வகுப்பு ஆறு ஆண்டுக்கு அதையே சொல்லும்.

பெற்றோர் ஆசிரியர் சங்க (பெ.ஆ.ச.) கட்டணம் கட்டாதவர் பெயரை வகுப்பில் வாசிக்காதீர்கள். பெற்றோருக்கு நேரடியாகத் தகவல் அனுப்புங்கள். கூடுதல் உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளைகளைத் தனி மேசையில் உட்கார வைப்பதும் வேண்டாம்.

அட்டை எடுக்கும் வழி

பிள்ளைக்குக் குறைபாடு இருக்குமோ என்ற ஐயம் வலுத்தால் முதலில் அரசு சுகாதார நிலையம் அல்லது மருத்துவமனை. மருத்துவர் உறுதி செய்த படிவத்தோடு சமூக நல இலாகாவில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிறப்புக் கல்வித் திட்டத்தில் பதிவான மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. "அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள்" என்று அஞ்சும் பெற்றோரை நெருக்காதீர்கள். மேலே சொன்ன வகுப்பறை உதவி எதற்கும் அட்டை தேவையில்லை. அதை இன்றே தொடங்கிவிட்டு, பேச்சைத் தொடருங்கள்.

ஆறாம் ஆண்டு முடியும்போது எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இரண்டு பக்கம் எழுதி, பெற்றோரின் ஒப்புதலோடு இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புங்கள். அதை மலாயில் எழுதுங்கள். அங்கே அதைப் பிரித்துப் பார்க்கும் ஆலோசக ஆசிரியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.