கணினித் திரையில் பாயும் பொய் எச்சரிக்கைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இது பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். கடந்தகால வினாத்தாள் தேடிப் போன பக்கத்தில் ‘டவுன்லோட்’ என்று நாலைந்து பொத்தான்கள். ஒன்றை அழுத்தியதும் திரை முழுக்கச் சிவப்பு, காதைத் துளைக்கும் சத்தம், ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்’ என்ற அறிவிப்பு. விடிந்ததும் அப்பா கணினியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ புறப்படுவார். கடையில் எல்லாவற்றையும் அழித்து ‘போர்மட்’ செய்து கொடுப்பார்கள். சத்தம் நின்றுவிடும். கல்யாணப் படங்களும் பிள்ளை தட்டச்சு செய்து வைத்திருந்த செயற்றிட்ட அறிக்கையும் அதோடு போய்விடும்.

அந்தக் கணினியில் அநேகமாக வைரஸே இருந்திருக்காது. இணையப் பக்கம் ஒன்றால் உங்கள் கணினியிலுள்ள கோப்புகளைத் துழாவிச் சோதிக்க முடியாது. உலாவி (குரோம் போன்ற, இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருள்) அதற்கு இடம் கொடுப்பதில்லை. ‘சோதனை நடக்கிறது’ என்று ஓடும் கோடு வெறும் அசையும் படம். ஐந்து என்ற எண்ணிக்கை, நீங்கள் அந்தப் பக்கத்துக்குப் போவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டது. சில பக்கங்கள் ‘உங்கள் இருப்பிடம்’ என்று ஊரையும் காட்டி மிரட்டும். அது ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்புக்குரிய இலக்கத்தை வைத்துச் செய்யும் ஊகம். துணுக்காயில் இருப்பவருக்குக் கொழும்பு என்று காட்டுவதும் உண்டு. ஏமாற்றுக்காரனுக்கு உங்கள் கை தேவை. நீங்கள் அழுத்தும் வரை அவனால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே அந்தக் கையைக் கொடுக்கும் வழிகள்தான்.

முதலாவது, திரையில் தெரியும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பது. தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசொப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே இலக்கம் ஒன்று தெரிந்தாலே அது பொய். அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் மிக மரியாதையாகப் பேசி, எனிடெஸ்க் போன்ற மென்பொருளை நிறுவச் சொல்வார். அது நல்ல மென்பொருள்தான், தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவுவது. கனடாவில் இருக்கும் சித்தப்பா அதன் வழியாக வந்து திருத்தித் தந்தால் பிரச்சினை இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வந்தால், வங்கிக் கணக்கைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனதற்குச் சமம்.

இரண்டாவது, அந்தப் பெட்டியிலுள்ள ‘மூடு’ பொத்தானை அழுத்துவது. மூலையில் உள்ள பெருக்கல் குறியும் படத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். எங்கே தொட்டாலும் அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் செல்லும். சுட்டியை விட்டுவிட்டு விசைப்பலகைக்கு வாருங்கள். ‘எஸ்கேப்’ விசையைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை கலையும். பிறகு ‘ஓல்ட்’, ‘எஃப் 4’ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உலாவி மூடிக்கொள்ளும். அதற்கும் அசையவில்லையானால் ‘கண்ட்ரோல்’, ‘ஷிஃப்ட்’, ‘எஸ்கேப்’ மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தெரிவுசெய்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மீண்டும் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று உலாவி கேட்கும். அதற்குச் சம்மதித்தால் அதே சிவப்புத் திரை திரும்பி வரும்.

மூன்றாவது தவறைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் செய்தவருக்கே அது தவறென்று தெரிவதில்லை. ‘அறிவிப்புகள் அனுப்ப அனுமதிக்கிறீர்களா?’ என்று உலாவியின் மேல் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி வருகிறது. செய்தி வாசிக்கப் போனாலும், மரண அறிவித்தல் பார்க்கப் போனாலும் அதே கேள்வி. ‘அலவ்’ என்று அழுத்தி அழுத்தி நம் விரல் பழகிவிட்டது. மோசடித் தளங்கள் இந்தப் பழக்கத்தில்தான் குளிர் காய்கின்றன. ‘நீங்கள் மனிதர் என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்’, ‘படம் பார்க்க அலவ் அழுத்துங்கள்’ என்பார்கள். ஒருமுறை அழுத்தினால் போதும். அந்தத் தளத்தை மூடிய பிறகும், கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதும், திரையின் வலதுபுறக் கீழ் மூலையில் ‘வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’, ‘உங்கள் பாதுகாப்புச் சந்தா முடிந்துவிட்டது’ என்று பெட்டிகள் பாய்ந்துகொண்டே இருக்கும். வைரஸ் தேடும் மென்பொருள் இதைப் பிடிக்காமல் விடலாம். நீங்கள் கொடுத்த அனுமதியைத்தானே அவர்கள் பயன்படுத்துகிறார்கள்!

இதற்குப் போர்மட் வேண்டாம், காசும் வேண்டாம். பெட்டியை உற்றுப் பார்த்தால் செய்தியோடு சிறிய எழுத்தில் குரோம் என்ற பெயரும் ஒரு தள முகவரியும் இருக்கும். அந்த முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். குரோமின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளில் தொடங்கி செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். அதே இடத்தில், இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பாதபடி தடுக்கும் தெரிவும் இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு அதுவே நல்லது என்பது என் அபிப்பிராயம். எட்ஜிலும் பயர்பொக்ஸிலும் இதே வசதி உண்டு. அம்மம்மாவின் அண்ட்ரொய்ட் கைபேசியில் ஓயாமல் விளம்பரம் வந்தால் அங்கேயும் முதலில் இதைப் பாருங்கள்.

அண்மைக் காலத்தில் இன்னும் மோசமான ஒன்று பரவுகிறது. ‘மனிதரா என்று சோதிக்கிறோம்’ என்ற பெயரில், விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ அழுத்துங்கள், பிறகு ‘கண்ட்ரோல் வி’, பிறகு ‘என்டர்’ என்று படிப்படியாகச் சொல்லித் தருவார்கள். செய்தால், அவர்கள் நகலெடுத்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே இயக்கி, நிஜமான வைரஸை உள்ளே விடுகிறீர்கள். உண்மையான சோதனை எதுவும் இப்படிக் கேட்காது.

பெட்டி காட்டும் ‘கிளீனர்’ மென்பொருளை நிறுவுவதும் கூடாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் கூடவே வருகிறது. சாதாரண வீட்டுப் பாவனைக்கு அது போதும். விளம்பரத் தடுப்பான் வேண்டுமென்றால் பயர்பொக்ஸில் யூபுளொக் ஒரிஜின், குரோமில் அதன் லைட் வடிவம். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தின் வழியாகப் போகாமல், உலாவியின் சொந்த நீட்சிக் கடையில் (‘எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் துணை மென்பொருள்கள் கிடைக்கும் பக்கம்) எடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய மடிக்கணினிகளில் இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாக வருவது, 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. காசு கொடுக்காமல் விண்டோஸை இயக்க உதவும் ‘கிராக்’ கருவிகளின் ஆபத்தைக் கேட்கவே வேண்டாம்.

ஏற்கெனவே யாரையாவது கணினிக்குள் விட்டுவிட்டீர்களா? உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள், ரவுட்டரை அணைத்தாலும் சரி. அட்டை விபரம் கொடுத்திருந்தால், அட்டையின் பின்புறம் இருக்கும் இலக்கத்தில் வங்கியை அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். அதன் பிறகு வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பிள்ளை வெட்கத்தில் மறைத்திருந்தால் அதற்காக ஏசாதீர்கள். எந்த நேரத்தில், எதை அழுத்தினார் என்பதை வங்கிக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.