மெல்பர்ன் கோப்பைப் பந்தயத்தை வீட்டில் குடும்பத்தோடு பார்க்க

நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள ஃப்ளெமிங்டன் திடலில் இந்தக் குதிரைப் பந்தயம் தொடங்குகிறது. நகரில் அன்று பொது விடுமுறை. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது காலை 9.30, சிங்கப்பூரில் நண்பகல் 12. தூரம் 3200 மீட்டர்; வெல்லும் குதிரைக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் போதும். தேநீர் போட எழுந்தவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், ஆயத்தங்களை முன்கூட்டியே செய்து முடிக்கும் வீட்டில்தான் எல்லோரும் பந்தயத்தை உண்மையாகவே பார்க்கிறார்கள்.

ஓடும் குதிரைகளின் இறுதிப் பட்டியல் அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை வெளியாகும். அதிகபட்சம் 24 குதிரைகள். பட்டியலை அச்சிட்டு எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். இதில் இரண்டு எண்கள் இருப்பது புதியவர்களைக் குழப்பும். சேணத்துணியில் இருக்கும் எண் குதிரை சுமக்கும் எடையின் வரிசையைக் காட்டுவது; திறமை மிகுந்ததாகக் கருதப்படும் குதிரைக்குக் கூடுதல் எடை கொடுத்து வாய்ப்பைச் சமன்செய்கிறார்கள் என்பதால், 1ஆம் எண்ணே அதிக எடை சுமக்கும். மற்ற எண், தொடக்க வாயிலில் அது நிற்கும் இடம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் பட்டியலை அவர்களே வாசிக்கத் தொடங்குவார்கள்.

அடுத்தது சீட்டுக் குலுக்கல். ஆஸ்திரேலிய அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இதை ‘ஸ்வீப்’ என்பார்கள். குதிரைகளின் பெயர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்குங்கள். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று குதிரைகள் கிடைக்கும். கடைசி நேரத்தில் சில குதிரைகள் விலக்கப்படுவது உண்டு என்பதால், செவ்வாய் காலை பட்டியலைச் சரிபார்த்த பிறகு குலுக்குவதே நல்லது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பணம் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வென்றவருக்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை, கடைசியாக வரும் குதிரையை எடுத்தவருக்கு முதல் இனிப்பு என்று வைத்தால், பின்தங்கிய குதிரையையும் ஒருவர் ஆவலோடு பார்ப்பார்.

சீட்டு எடுத்ததும் வண்ணப் பென்சில்களை மேசையில் பரப்புங்கள். குதிரையை ஓட்டும் ஜாக்கி அணியும் சட்டையின் நிறமும் கோலமும் குதிரையின் உரிமையாளருக்கு உரியவை. தம் குதிரையின் ஜாக்கிச் சட்டையை அட்டையில் வரைந்து நிறம் தீட்டிய பிள்ளை, ஓட்டத்தின் நடுவில் அந்தப் புள்ளியைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும். ஒரே உரிமையாளரின் இரண்டு குதிரைகள் ஓடினால் சட்டைகள் ஒன்றாகவே இருக்கும், தொப்பியின் நிறம்தான் வேறுபடும். எங்கள் வீட்டுச் சின்னவள் ஒரு வருடம் தொப்பியை வரையாமல் விட்டுவிட்டு, கடைசி வரை வேறு குதிரைக்காகக் கத்தி, பிறகு அழுதாள். அதிலிருந்து தொப்பியை முதலில் தீட்டுகிறோம்.

உணவு கையால் எடுத்து உண்ணக்கூடியதாக இருக்கட்டும்: கட்லட், ரோல்ஸ், வடை. பந்தயம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். சமைத்தவரும் உட்கார வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் பழைய கோப்பைகளின் கதைகளைச் சொல்லுங்கள். 1861இல் நடந்த முதல் பந்தயத்தில் ஆர்ச்சர் வென்றது. 2003, 2004, 2005 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது மகைபி திவா என்ற பெண் குதிரை. ஆனால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது 2015ஆம் ஆண்டின் கதையைத்தான். வெல்லும் என்று அநேகமாக யாரும் எண்ணாத பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் குதிரையில் மிஷெல் பெய்ன் வென்று, இக்கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கியானார். அக்குதிரையைப் பராமரித்தவர் டவுன் நோய்க்குறி உள்ள அவருடைய அண்ணன் ஸ்டீவி. தொடக்க வாயிலுக்கான குலுக்கலில் 1ஆம் இடத்தை எடுத்ததும் அவரே.

வாயில் திறந்ததும் குதிரைகள் நேர்ப்பாதையில் விரைந்து, ஏறத்தாழ 900 மீட்டரில் வெற்றிக்கம்பத்தை ஒருமுறை கடக்கும். அங்கேயே பந்தயம் முடிந்ததாகப் புதியவர்கள் ஆரவாரம் செய்வதுண்டு. இன்னும் ஒரு முழுச் சுற்று இருக்கிறது. இந்தச் சுற்றின் முற்பகுதியில் வேகம் தணியும் என்பதால், அவரவர் குதிரையைத் தேட இதுவே நேரம். கடைசி 450 மீட்டர் நேர்ப்பாதைக்குத் திரும்பியதும் முன்னால் ஓடும் குதிரையை மட்டும் பார்க்காதீர்கள். வெளிப்புறத்தில் நீண்ட தாவலோடு ஏறி வருவதைப் பாருங்கள்.

“குதிரைக்கு வலிக்காதா?” என்று ஒரு பிள்ளை கேட்கலாம். அதை மழுப்பக் கூடாது. 2020இல் ஒரு குதிரை இப்பந்தயத்தில் கால் முறிந்து இறந்ததையும், அதன் பிறகு வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை ஸ்கேன் எடுத்துச் சோதிப்பதையும், கடைசி 100 மீட்டர் வரும் வரை ஐந்து முறைக்கு மேல் சவுக்கைப் பயன்படுத்த விதி இடம்தராததையும் உள்ளபடியே சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு பார்க்க விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

முடிவு வந்தவுடன் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். பந்தயத்தை மறுபடியும் காட்டுவார்கள். முதல் முறை கூச்சலில் தவறவிட்டதை இப்போது அமைதியாகப் பார்க்கலாம். வரைந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பதினேழாவதாக வந்த தன் குதிரை எந்த இடத்தில் பின்தங்கியது என்று பிள்ளை திரைக்கு அருகில் போய் விரலால் காட்டும்.